மருந்தை நிறுத்தினால்தான் விசுவாசமா?

பட்டர்வொர்த்திலிருந்து ஒரு தாய் எழுதிய நீண்ட கடிதத்துக்குப் பதில் இது. அடையாளம் தெரியாதபடி சில விவரங்களை மாற்றி, கடிதத்தைச் சுருக்கித் தருகிறேன்.

அவருடைய மகனுக்கு 21 வயது. பிறையில் ஒரு தொழிற்சாலையில் வேலை. போன ஆண்டின் பிற்பகுதியில் அவனுக்குத் தூக்கம் கெட்டது. பக்கத்து வீட்டுக்காரர்கள் தன்னைப் பற்றியே பேசுகிறார்கள் என்றான். கைப்பேசியின் கேமராவை, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரால் மூடி வைத்தான். வேலைக்குப் போவதை நிறுத்தினான். அரசு மருத்துவமனையின் மனநலப் பிரிவில் மாத்திரை கொடுத்தார்கள். இரண்டு மாதங்களில் காதில் கேட்ட குரல்கள் அடங்கத் தொடங்கின. ஒரு ஞாயிற்றுக்கிழமை காலையில் அப்பாவோடு கடைக்குப் போய் ரொட்டி சானாய் சாப்பிட்டான், இன்னொன்றும் கேட்டு வாங்கினான் என்று அந்தத் தாய் தனி வரியாக எழுதியிருக்கிறார்.

அதன் பிறகு ஒரு ஜெபக்குழு வீட்டுக்கு வரத் தொடங்கியது. "இது வியாதி அல்ல, ஆவி. மாத்திரை கொடுப்பது விசுவாசக் குறைவு" என்றார் குழுவை நடத்தும் அக்கா. மூன்று வாரங்களாக மாத்திரை இல்லை. மூன்று நாள் உபவாசத்தில் மகனையும் உட்கார வைத்தார்கள். ஓர் இரவு ஜெபத்தின் நடுவில் அவன் எழுந்து போக முயன்றபோது, சிலர் சேர்ந்து அவன் கைகளைப் பிடித்து அழுத்தினார்கள். மணிக்கட்டில் கன்றிப்போன தடம் இருக்கிறது. சாபம் மாமியார் வழியாக வந்தது என்கிறார்கள். மாமியார் இந்து, இவர்களோடுதான் இருக்கிறார். அவர் ஏற்றும் பித்தளைக் குத்துவிளக்கு வீட்டைவிட்டுப் போக வேண்டுமாம். பிசாசிலிருந்து விடுவிக்க அடுத்த மாதம் நடக்கும் விடுதலை முகாமுக்கு 3,500 வெள்ளி (ரிங்கிட்) கட்ட வேண்டுமாம். கணவர் ஒத்துக்கொள்ளவில்லை. வீட்டில் ஒருவரோடு ஒருவர் பேசுவது நின்றுவிட்டது.

கடிதத்தின் கடைசிப் பக்கத்தில், யாரிடமும் சொல்லாத ஒன்றையும் எழுதியிருக்கிறார். மகனுக்கு முதலில் முடியாமல் போனபோது, யாரோ சொன்னதைக் கேட்டு ஒரு பொமோவிடம் (மலாய் மந்திரவாதியிடம்) போய்க் கறுப்புக் கயிறு வாங்கி வந்து அவன் கையில் கட்டினாராம். "அந்தக் கதவை நான்தான் திறந்துவிட்டேனா? பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள் என்று வேதம் சொல்கிறதே, நான் எப்படி நிற்பது?" என்று கேட்கிறார்.

அன்புள்ள சகோதரி,

மற்ற எல்லாவற்றுக்கும் முன்னால் ஒன்று. நாளைக் காலையே மருத்துவமனையை அழையுங்கள். மாத்திரை மூன்று வாரமாக நின்றிருக்கிறது என்பதை மறைக்காமல் சொல்லுங்கள். திட்டுவார்கள் என்று பயப்பட வேண்டாம். மருந்தை நிறுத்திவிட்டுத் திரும்பி வருகிற குடும்பங்களை அவர்கள் நாள்தோறும் பார்க்கிறார்கள். நீங்களாகவே பழைய அளவில் மாத்திரையைத் தொடங்கிவிடாதீர்கள். இடைவெளிக்குப் பிறகு எந்த அளவில் தொடங்குவது என்பதை மருத்துவர்தான் சொல்ல வேண்டும். மீதியிருக்கும் மாத்திரைகளையும் மருந்து அட்டையையும் ஒரு பையில் போட்டு எடுத்துச் செல்லுங்கள். அதுவரை அவனுக்கு உபவாசம் வேண்டாம், கண்விழிப்பு ஜெபம் வேண்டாம். பட்டினியும் தூக்கமின்மையும் இப்படிப்பட்ட நிலையில் இருக்கிற மூளையை இன்னும் கலக்கிவிடும்.

நான் பதிவுபெற்ற ஆலோசகர்; மருத்துவர் அல்ல. உங்கள் மகனுக்கு இன்ன நோய் என்று ஒரு கடிதத்தை வைத்துச் சொல்ல எனக்குத் தகுதியில்லை. ஆனால் நீங்கள் எழுதியிருக்கும் மாற்றங்கள் பதின்ம வயதின் கடைசியிலும் இருபதுகளின் தொடக்கத்திலும் முதன்முறையாகத் தலைகாட்டுபவை என்பது மனநல மருத்துவத்துக்கு நன்கு தெரிந்த செய்தி. அவற்றுக்குக் காரணம் மனச்சிதைவாக இருக்கலாம், கடுமையான மனச்சோர்வாக இருக்கலாம், தைராய்டு கோளாறோ வலிப்பு நோயோ மூளை அழற்சியோ சியாபு போன்ற போதைப்பொருளோகூட இருக்கலாம். அதனால்தான் மருத்துவர்கள் இரத்தப் பரிசோதனை செய்கிறார்கள், தர்மசங்கடமான கேள்விகளையும் கேட்கிறார்கள். சிகிச்சை எவ்வளவு தள்ளிப்போகிறதோ அவ்வளவுக்கு மீட்சி கடினமாகிறது. உங்கள் மகன் மாத்திரையால் தேறிக்கொண்டிருந்தான். அந்த ஞாயிற்றுக்கிழமைக் காலையை ஆண்டவர் கொடுத்த நன்மையாகவே எண்ணி நன்றி சொல்லுங்கள்.

வேதம் நோயையும் பிசாசையும் ஒன்றாக்குகிறதா?

பொல்லாத ஆவிகள் உண்டு என்று நான் விசுவாசிக்கிறேன். அதை மனத்தின் கற்பனை என்று தள்ளிவிடுகிற ஆலோசகரிடம் நீங்கள் எழுதவில்லை. ஞாயிறுதோறும் வேதபாட வகுப்பு எடுப்பவன் நான். அதனால்தான், வேதத்தின் பெயரால் உங்களுக்குச் சொல்லப்பட்டதை வேதத்திலேயே வைத்துப் பார்க்க விரும்புகிறேன்.

மத்தேயு 4:24-ஐ எடுத்துப் பாருங்கள். இயேசுவிடம் கொண்டுவரப்பட்டவர்களைச் சொல்லும்போது பலவித வியாதிக்காரர், பிசாசு பிடித்தவர்கள், சந்திரரோகிகள் (வலிப்பு நோயாளிகள்), திமிர்வாதக்காரர் (பக்கவாதக்காரர்) என்று தனித்தனியாகவே எழுதப்பட்டிருக்கிறது. சில இடங்களில் நோயும் ஆவியும் சேர்ந்து வருவது உண்மைதான். பதினேழாம் அதிகாரத்தில் அப்படி ஒரு மகன் வருகிறான். ஆனால் எல்லா நோயும் ஆவி என்று சுவிசேஷங்கள் ஓரிடத்திலும் சொல்லவில்லை. சூரைச்செடியின் கீழ்ப் படுத்து, சாக வேண்டும் என்று கேட்ட எலியாவைத் தேவதூதன் அதட்டவில்லை. தூங்க விட்டான், அடையும் தண்ணீரும் கொடுத்தான், மறுபடியும் தூங்க விட்டான். பவுல் தீமோத்தேயுவின் வயிற்றுக் கோளாறுக்கு அந்தக் காலத்து மருந்தாகிய கொஞ்சம் திராட்சரசத்தைச் சொன்னார். அவரோடு கூட இருந்த லூக்கா ஒரு வைத்தியர்.

திருச்சபையின் பழைய வழக்கமும் இதே நிதானத்தில்தான் நின்றது. கத்தோலிக்கத் திருச்சபை 1614-இல் வெளியிட்ட சடங்கு நூலிலேயே, ஒருவரைப் பேய் பிடித்திருக்கிறது என்று எளிதில் நம்பிவிடாதே என்ற எச்சரிக்கை உண்டு. பேயோட்டும் சடங்குக்கு ஆயரின் வெளிப்படையான அனுமதி வேண்டும் என்கிறது 1983-ஆம் ஆண்டுத் திருச்சபைச் சட்டத்தின் 1172-ஆம் விதி. அதற்கு முன்பு அது நோய் அல்ல என்று உறுதிசெய்துகொள்ள வேண்டும் என்று அந்தச் சபையின் மறைக்கல்வி நூலும் சொல்கிறது. நீங்கள் கத்தோலிக்கர் அல்ல என்று எழுதியிருந்தீர்கள். இருந்தாலும் இந்த அனுபவத்தை நாம் ஒதுக்க வேண்டியதில்லை. அனுமதி மட்டும் போதாது என்பதற்கும் ஒரு துயரமான சாட்சி உண்டு. ஜெர்மனியில் அன்னலீஸ் மிஷேல் என்ற 23 வயது மாணவிக்கு ஆயரின் அனுமதியோடுதான் 67 முறை பேயோட்டும் ஜெபம் நடந்தது. வலிப்பு நோய்க்குச் சிகிச்சை பெற்றுவந்தவர் அவர். மருத்துவ உதவி நின்றுபோன நிலையில், 1976 ஜூலையில் உணவும் நீரும் இல்லாமல் உடல் வற்றி இறந்தார். 1978-இல் அவருடைய பெற்றோரும் இரண்டு குருக்களும் குற்றவாளிகள் என்று நீதிமன்றம் தீர்த்தது. அந்தப் பெற்றோர் மகள்மேல் பாசமில்லாதவர்கள் அல்ல. உங்களைப் போலவே உயிரைக் கொடுத்து ஜெபித்தவர்கள்தாம். உங்களைப் பயமுறுத்த இதை எழுதவில்லை. பாசமும் ஜெபமும் இருந்தும் எங்கே தவறிவிடலாம் என்பதை நீங்கள் தெரிந்துகொள்ள வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன்.

அந்த அக்கா நீரிழிவுக்கு மாத்திரை சாப்பிடுகிறார் என்று நீங்களே எழுதியிருக்கிறீர்கள். அது விசுவாசக் குறைவு இல்லையென்றால் இதுவும் இல்லை. மூளையும் தேவன் படைத்த உடலின் ஓர் உறுப்புதான்.

மாமியார் உங்கள் எதிரி அல்ல

உங்கள் கடிதத்தில் எனக்கு அதிகக் கவலை தந்த பகுதி இது. "மாம்சத்தோடும் இரத்தத்தோடுமல்ல" நமக்குப் போராட்டம் என்று எபேசியர் 6:12 சொல்கிறது. அந்த வசனத்தைச் சொல்லிக்கொண்டே ஒரு குழு உங்கள் வீட்டுக்குள் வந்து, மாம்சமும் இரத்தமுமாக அடுப்படியில் நிற்கிற ஒரு மூதாட்டியைக் கைகாட்டிவிட்டுப் போயிருக்கிறது. அந்த நாளிலிருந்து அவர் போட்ட காப்பியைக்கூட நீங்கள் குடிப்பதில்லை என்கிறீர்கள். பேரன் கையைப் பிடித்துக்கொண்டு மருத்துவமனை நாற்காலியில் காலையிலிருந்து உட்கார்ந்திருந்தவரும் அவர்தான் என்று அதே கடிதத்தில் எழுதியிருக்கிறீர்கள். சகோதரரைக் குற்றஞ்சாட்டுவது பிசாசின் வேலை என்று வெளிப்படுத்தின விசேஷம் 12:10 சொல்கிறது. அந்த வேலையை நாம் செய்துகொண்டு அதற்கு ஆவிக்குரிய யுத்தம் என்று பெயர் வைக்கக் கூடாது.

குத்துவிளக்கைப் பற்றி. எபேசு மாயவித்தைக்குப் பேர்போன பட்டணம். அங்கே விசுவாசித்தவர்கள் மாயவித்தைப் புத்தகங்களைச் சுட்டெரித்தார்கள், அவற்றின் விலை ஐம்பதாயிரம் வெள்ளிக்காசு என்று அப்போஸ்தலர் 19 சொல்கிறது. உங்களுக்குக் காட்டப்பட்ட வசனம் அதுதான் என்று நினைக்கிறேன். அவர்கள் எரித்தது தங்கள் சொந்தப் புத்தகங்களை. யாரும் வற்புறுத்தாமல் தாங்களே கொண்டுவந்தார்கள். அடுத்தவர் வீட்டுப் பூஜைப்பொருளைத் தூக்கி எறிந்ததாக அங்கே ஒரு வரியும் இல்லை. அந்த விளக்கு உங்கள் மாமியாருக்கு அவருடைய தாய் ரப்பர் தோட்டத்தில் பால்மரம் வெட்டிச் சேர்த்த காசில் வாங்கிக் கொடுத்தது என்று எழுதியிருக்கிறீர்கள். அதைத் தொடாதீர்கள். உங்கள் விசுவாசத்தை நீங்கள் காத்துக்கொள்ளுங்கள். அவர் அறைக்குள் போய் அவருடைய பக்திக்கு நீதிபதியாகும் அதிகாரம் உங்களுக்கும் இல்லை, அந்தக் குழுவுக்கும் இல்லை.

சாபமும் கறுப்புக் கயிறும்

பிதாக்களின் அக்கிரமத்தைப் பிள்ளைகளிடத்தில் விசாரிப்பேன் என்ற யாத்திராகமம் 20-ஐச் சொல்லி உங்களைக் கலங்கவைத்திருக்கிறார்கள். அதே வேதத்தில் எசேக்கியேல் 18 முழுவதும் அந்தப் பயத்துக்கே பதில். குமாரன் தகப்பனுடைய அக்கிரமத்தைச் சுமப்பதில்லை என்று தேவனே சொல்கிறார். பிறவிக் குருடனைக் காட்டி, இது யார் செய்த பாவம் என்று சீஷர்கள் கேட்டபோது, அவனும் அல்ல, அவனைப் பெற்றவர்களும் அல்ல என்று இயேசு சொன்னார். தீய ஆவிகளின் துரைத்தனங்களையும் அதிகாரங்களையும் அவர் சிலுவையில் வென்றுவிட்டார் என்கிறது கொலோசெயர் 2:15. 3,500 வெள்ளி கட்டினால்தான் அந்த வெற்றி உங்கள் வீட்டுக்கு வரும் என்றால், அது வேறு சுவிசேஷம்.

கயிறு விஷயத்தை மழுப்ப மாட்டேன். அது உங்கள் விசுவாசத்துக்குப் பொருந்தாத செயல் என்று உங்களுக்கே தெரியும். மனம் வருந்தி அறிக்கையிட்டுவிட்டேன் என்கிறீர்கள். நம்முடைய பாவங்களை நாம் அறிக்கையிட்டால் அவர் மன்னிக்கிறார் என்று 1 யோவான் 1:9 சொல்கிறது. அங்கே அது முடிந்தது. பயந்துபோன ஒரு தாய் கிடைத்ததைப் பற்றிக்கொண்டாள் என்பதற்காக, அவள் பிள்ளையின் மூளையைப் பிசாசிடம் ஒப்படைத்துவிடும் தேவனை வேதத்தில் நான் காணவில்லை. இன்னொன்றையும் கவனியுங்கள். கயிறு கட்டுவதற்கு முன்பே அவனுக்குத் தூக்கம் கெட்டிருந்தது.

கதவு திறப்பதைப் பற்றிக் கேட்டீர்கள். பிசாசுக்கு இடங்கொடாதிருங்கள் என்று பவுல் எழுதியது அதே எபேசியர் நிருபத்தில், நான்காம் அதிகாரத்தில். அதற்கு முந்தின வசனத்தைப் படியுங்கள்: "சூரியன் அஸ்தமிக்கிறதற்கு முன்னாக உங்கள் எரிச்சல் தணியக்கடவது." அதற்கும் முந்தினது பொய்யைக் களைந்து பிறனோடே மெய்யைப் பேசுவதைப் பற்றியது. பொருள்களையும் கயிறுகளையும் பற்றி அங்கே பேச்சே இல்லை. ஆறாத கோபம், மறைத்த உண்மை, பேசாமல் கழியும் நாட்கள், இவற்றைத்தான் பிசாசு நுழைய ஏற்ற இடம் என்று அப்போஸ்தலன் கருதினார். நீங்களும் கணவரும் பேசி எத்தனை நாளாகிறது?

எதிர்த்து நிற்பது

யாக்கோபு 4:7-ஐ நீங்கள் பாதியில் எழுதியிருந்தீர்கள். "ஆகையால், தேவனுக்குக் கீழ்ப்படிந்திருங்கள்; பிசாசுக்கு எதிர்த்து நில்லுங்கள், அப்பொழுது அவன் உங்களைவிட்டு ஓடிப்போவான்" என்பது முழு வசனம். எபேசியர் ஆறில் வரும் சர்வாயுதவர்க்கத்தை, அதாவது தேவன் தரும் முழு ஆயுதத் தொகுதியைப் பாருங்கள்: சத்தியம், நீதி, சமாதானத்தின் சுவிசேஷம், விசுவாசம், இரட்சணியம், தேவவசனம், ஜெபம். சத்தம் போடுவது அதில் இல்லை. ஒருவனை அழுத்திப் பிடிப்பதும் இல்லை. சிங்கம்போல் சுற்றித்திரிகிற பிசாசைப் பற்றி எழுதும்போது பேதுரு முதலில் கேட்பது தெளிந்த புத்தியைத்தான். உங்கள் மகனுக்கு இப்போது அந்தத் தெளிவு நோயால் குறைந்திருக்கிறது; அதைத் திரும்பக் கொடுக்கிற மாத்திரை யுத்தத்தில் உங்கள் பக்கம் நிற்கிறது. மாற்கு 5-இல் லேகியோன் என்னும் பிசாசுக் கூட்டம் பிடித்திருந்தவன் விடுதலையானபோது எப்படி இருந்தான்? வஸ்திரம் தரித்து, புத்தி தெளிந்து, உட்கார்ந்திருந்தான். பிறகு இயேசு அவனை வீட்டுக்கு, அவனுடைய இனத்தாரிடம் அனுப்பினார். உங்கள் வீட்டுக்கு வந்த ஜெபம் உங்கள் மகனை எந்தத் திசையில் கொண்டுபோயிருக்கிறது என்பதை இந்த அளவுகோலால் நீங்களே பாருங்கள்.

நீங்கள் செய்ய வேண்டிய எதிர்ப்பு எளிமையானது, ஆனால் கடினமானது. கணவரிடம் இன்றிரவே பேசுங்கள், கயிறு விஷயத்தையும் சேர்த்து. மாமியாரிடம் மன்னிப்புக் கேளுங்கள். விளக்கம் சொல்லத் தேவையில்லை. உங்கள் சபைப் போதகரிடம் எல்லாவற்றையும் சொல்லுங்கள். அவர் மருத்துவத்தை மதிப்பவர் என்று எழுதியிருப்பது நல்ல செய்தி. மகனுக்காக ஜெபிக்க மூப்பர்களை அழைக்கச் சொல்வதும் யாக்கோபுதான். அழையுங்கள், அவன் சம்மதித்தால்.

ஜெபக்குழுவும் சட்டமும்

குழுவை என்ன செய்வது என்பதில் உங்களுக்கு இரண்டு வழி இருக்கிறது. உறவை முறித்துக்கொள்ளலாம். அல்லது, மகனைத் தொடக் கூடாது, மருந்தைப் பற்றிப் பேசக் கூடாது, மாமியாரைக் குறை சொல்லக் கூடாது என்ற நிபந்தனையோடு, உங்களுக்காக மட்டும் ஜெபிக்கச் சொல்லலாம். இரண்டாவது வழி உங்கள் மனத்துக்கு எளிது. ஆனால் நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால் அந்த அக்கா நிபந்தனையில் நிற்கக்கூடியவராகத் தெரியவில்லை. முதல் வழியையே சொல்வேன். குறைந்தது மகன் முழுமையாகத் தேறும் வரையிலாவது. அவரைக் கெட்டவர் என்று நான் சொல்லவில்லை. அவர் நம்புவதை அவர் மெய்யாகவே நம்பலாம். இருந்தும் உங்கள் மகனின் மணிக்கட்டில் தடம் இருக்கிறது.

அந்தத் தடத்தைப் பற்றிச் சட்டம் சொல்வதையும் தெரிந்துகொள்ளுங்கள். ஒருவரை விருப்பத்துக்கு மாறாகத் தடுத்து வைப்பதும் காயப்படுத்துவதும் மலேசியத் தண்டனைச் சட்டத்தின்படி குற்றம். 323, 341, 342 ஆகிய பிரிவுகள் இதற்கு உண்டு. ஜெபம் என்பது அதற்கு விலக்கு அல்ல. தாய் சம்மதித்தார் என்பதும் 21 வயதானவனுக்குப் பதிலாகாது. போலீசுக்குப் போங்கள் என்று இப்போது வற்புறுத்தவில்லை. தடத்தைப் புகைப்படம் எடுத்து வையுங்கள், மருத்துவரிடம் காட்டுங்கள். முகாமில் ஆலோசனை தரப்படும் என்று சொல்லியிருக்கிறார்கள் அல்லவா? 1998-ஆம் ஆண்டு ஆலோசகர்கள் சட்டப்படி இந்த நாட்டில் ஆலோசகராகப் பணிபுரிகிறவர் பதிவு பெற்றிருக்க வேண்டும். பதிவு எண்ணைக் கேளுங்கள். அந்தப் பணத்தைக் கட்டாதீர்கள். அரசு சுகாதாரக் கிளினிக்கில் குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் ஒரு வெள்ளிதான்.

"மறுபடியும் போனால் தஞ்சோங் ரம்புத்தானுக்கு அனுப்பிவிடுவார்கள்" என்று உறவினர் பயமுறுத்தியதாக எழுதியிருந்தீர்கள். 1911-இல் தொடங்கிய அந்த மனநல மருத்துவமனையின் பெயர் நம் மக்களிடையே இன்றும் வசைச்சொல்லாகவே இருப்பது வருத்தம் தருகிறது. அங்கேயும் மக்கள் குணமாகித்தான் வீடு திரும்புகிறார்கள். உங்கள் மகனைப் போன்றவர்களுக்கு இன்று பெரும்பாலும் வீட்டிலிருந்தபடியே, வெளிநோயாளியாகத்தான் சிகிச்சை. சுகாதார அமைச்சின் மென்தாரி மையங்கள் சமூக அளவில் மறுவாழ்வுக்கும் வேலைக்குத் திரும்பவும் உதவுகின்றன; உங்களுக்கு அருகில் இருப்பது எது என்று மருத்துவமனையில் கேளுங்கள். 2001-ஆம் ஆண்டு மனநலச் சட்டத்தின்கீழ் ஒருவரைச் சம்மதமில்லாமல் சேர்ப்பதற்குப் பொதுவாக உறவினரின் விண்ணப்பமும் மருத்துவரின் பரிந்துரையும் வேண்டும். யாரோ நினைத்தால் தூக்கிக்கொண்டு போய்விட முடியாது.

ஆனால் அவன் சாப்பிட மறுத்தால், சாவைப் பற்றிப் பேசினால், தன்னையோ பிறரையோ தாக்கும்படி குரல்கள் கட்டளையிடுகின்றன என்றால், நாளைக்கு என்று காத்திருக்காமல் அவசரப் பிரிவுக்குக் கூட்டிச் செல்லுங்கள், அல்லது 999-ஐ அழையுங்கள். தற்கொலை முயற்சியைக் குற்றமாக்கிய சட்டப்பிரிவு 2023-இல் நீக்கப்பட்டுவிட்டது. அந்தப் பயத்தில் எதையும் மறைக்க வேண்டாம். நீங்கள் யாரிடமாவது பேச வேண்டும் என்று இருந்தால் சுகாதார அமைச்சின் 15555 என்ற எண் இருக்கிறது. மனம் உடைந்தவர்களோடு தொலைபேசியில் பேசும் பெஃப்ரெண்டர்ஸ் கோலாலம்பூர் அமைப்பில், 03-7627 2929 என்ற எண்ணில் இரவிலும் எடுப்பார்கள். விடியற்காலை மூன்று மணிக்கு நெஞ்சு படபடத்து விழித்துக்கொள்கிறேன் என்று எழுதியிருக்கிறீர்கள். உங்களுக்கும் உதவி வேண்டும், சகோதரி.

மருந்து மறுபடியும் தொடங்கிய பிறகு அவன் உடல் பருக்கலாம், பகலில் தூங்கி வழியலாம், கைகால் விறைப்பாக இருக்கிறது என்று சொல்லலாம். அவை பக்கவிளைவுகள். நிறுத்துவதற்குக் காரணமாக்காமல் மருத்துவரிடம் சொல்லுங்கள். அளவையோ மருந்தையோ மாற்ற அவர்களுக்கு வழி தெரியும்.

இரவில் அவனோடு என்ன ஜெபம் செய்வது என்று கேட்டிருந்தீர்கள். முதலில் அவனிடம் அனுமதி கேளுங்கள். வேண்டாம் என்றால் விட்டுவிட்டு உங்கள் அறையில் ஜெபியுங்கள். சரி என்றால், சின்ன வயதில் அவன் மனப்பாடம் செய்த இருபத்துமூன்றாம் சங்கீதம் போதும். ஆவிகளைப் பற்றி அவன் எதிரில் பேச வேண்டாம், அவன் தலைமேல் கைவைத்து அதட்டவும் வேண்டாம். மெதுவாகச் சொல்லுங்கள், ஒரே ஒரு முறை. பிறகு விளக்கை அணைத்து அவனைத் தூங்க விடுங்கள்.